இந்த வயதில் சறுக்கப் போனால்



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்று மற்றவற்றைப் போல இருக்கவில்லை. வழமையாகப் பிள்ளைகளின் படிப்பு, காணி உறுதி, சுயதொழிற் கடன், கொடுப்பனவு என்று இவற்றைப் பற்றித்தான் எழுதுவீர்கள். இந்தச் சகோதரி எழுதியிருப்பது கனடாவில் இருக்கும் தன் அக்காவைப் பற்றி. அக்காவுக்கு 46 வயது. கணவர் இல்லை. பகலில் தொழிற்சாலை, இரவில் துப்புரவு வேலை என்று ஓடி ஓடி இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிவிட்டார். இப்போது ஒருநாள் தொலைபேசியில், "நான் ஐசில் சறுக்கப் பழகுகிறேன்" என்று சொல்லிச் சிரித்தாராம். உறவினர் காதில் இது விழுந்ததும், "வயது போன நேரத்தில் இவவுக்கு ஏன் இந்தக் கூத்து?" என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். தங்கைக்குப் பாதிக் கவலை ஊர் வாயைப் பற்றியது. மீதிக் கவலை, அக்கா விழுந்து கைகாலை முறித்துக்கொண்டால் அங்கே யார் பார்ப்பது என்பது. "நிற்பாட்டச் சொல்லட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கவலை நியாயமானது. ஆகவே அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஊர் வாய் எங்கும் போய்விடாது, அது காத்திருக்கட்டும்.

பனிச்சறுக்கு என்றதும் மலைச்சரிவில் நீண்ட பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவதை நினைத்துவிடாதீர்கள். அது வேறு. இது தட்டையான பனித்தரையில், அடியில் உருக்கு அலகு பொருத்திய சப்பாத்தோடு சறுக்குவது. வட்டமடித்தும் சுழன்றும் பாய்ந்தும் இசைக்கேற்ப ஆடும் வகையைப் "பிகர் ஸ்கேற்றிங்" என்கிறார்கள். பிகர் என்றால் உருவம். நாங்கள் முற்றத்தில் கோலம் போடுவதுபோல, அந்தக் காலத்தில் அவர்கள் காலின் அலகாலேயே பனியில் எட்டு வடிவமும் வளையங்களும் கீறினார்கள். கீறிய கோட்டின்மேல் பிசகாமல் திரும்பவும் கீறவேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று கோட்டைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். 1990ஆம் ஆண்டோடு சர்வதேசப் போட்டிகளில் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இந்தத் தரை எல்லா இடத்திலும் இயற்கையாக உறைந்த குளம் அல்ல. கொங்கிறீற் தளத்தின் கீழே குழாய்களைப் பதித்து, குளிரூட்டிய திரவத்தை அவற்றில் ஓடவிட்டு, மேலே தண்ணீரைப் படைபடையாக ஊற்றி உறைய வைக்கிறார்கள். பனியின் தடிப்பு மூன்று சென்ரிமீற்றர் அளவுதான். இப்படிச் செயற்கையாகச் செய்த ஆரம்பகாலச் சறுக்குத்தளம் ஒன்று 1876இல் இலண்டனில் திறக்கப்பட்டது. பலர் சறுக்கிய பிறகு தரை கீறல் விழுந்து கரடுமுரடாகிவிடும். அதைச் செதுக்கி, வெந்நீர் ஊற்றி மெழுகிவிடும் வண்டியை 1949இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிராங்க் ஸம்போனி என்பவர் செய்தார். சாணி கரைத்து முற்றம் மெழுகிய கைகளுக்கு அந்த வண்டியின் வேலை உடனே விளங்கும்.

இனி விழுவதைப் பற்றிப் பேசுவோம்.

விழாமல் சறுக்கப் பழக முடியாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாங்கள் ஆறுதலுக்குச் சொல்வதுண்டு. பனித்தரையில் அது பாடத்திட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் வளர்ந்தோருக்கென்று ஆறு படிகள் கொண்ட தொடக்கப் பாடத்திட்டம் ஒன்று உண்டு. அதன் முதற்படியிலேயே விழுந்து எழும்பும் பயிற்சி வருகிறது. சிறு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. அவர்கள் தரைக்குக் கிட்ட இருப்பவர்கள், எடை குறைந்தவர்கள், விழுந்தால் சிரித்துக்கொண்டு எழும்புவார்கள். நாற்பது வயதுக்காரிக்கு அப்படியல்ல. உயரத்திலிருந்து விழுகிறாள், பாரத்தோடு விழுகிறாள். நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும் என்ற நினைவோடும் விழுகிறாள். அந்தப் பயத்தில் உடம்பு விறைத்து நிற்கும். விறைத்த உடம்புதான் முதலில் விழும்.

விழும்போது எல்லோரும் செய்யும் ஒரு காரியம், கையை நீட்டி ஊன்றுவது. அது நம்மைக் கேட்காமலே நடந்துவிடும். ஆனால் அப்படி நீட்டிய கையில் உடற்பாரம் முழுவதும் இறங்கும்போது மணிக்கட்டு எலும்பு முறிகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்துபோவதால் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. இது பனித்தரைக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. பாசி பிடித்த கிணற்றடியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட எத்தனை அம்மாமாரை நாங்கள் பார்த்திருக்கிறோம்!

பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான். விழப்போகிறோம் என்று தெரிந்தவுடன் முழங்காலை மடித்துத் தாழ வேண்டும். தாழ்ந்தால் விழும் உயரம் குறையும். நேரே பின்பக்கம் விழக்கூடாது, ஏனென்றால் தலையின் பிற்பகுதி அடிபடும். ஒரு பக்கமாகச் சரிந்து, தொடையின் பக்கவாட்டிலும் பிட்டத்திலும் பாரத்தை வாங்கவேண்டும். நாடியை நெஞ்சோடு சேர்க்கவேண்டும். கைகளை உள்ளே இழுத்து விரல்களைப் பொத்திக்கொள்ளவேண்டும். பின்னால் வருபவரின் அலகு விரலில் ஏறிவிடாமல் இருக்கவும் இது உதவும்.

எழும்புவதற்கும் முறை இருக்கிறது. அவசரப்பட்டுத் துள்ளி எழும்பினால் மறுபடியும் விழத்தான் நேரும். முதலில் நாலு காலில் நிற்பதுபோலக் கையையும் முழங்காலையும் ஊன்றவேண்டும். பிறகு ஒரு பாதத்தை முன்னே கொண்டுவந்து இரண்டு கைகளுக்கும் நடுவில் வைக்கவேண்டும். இரண்டு கைகளையும் அந்த முழங்காலின்மேல் வைத்து அழுத்தி, மெதுவாக மற்றக் காலையும் இழுத்துக்கொண்டு நிமிரவேண்டும். இந்த எழும்பும் முறையை வீட்டுத் தரையிலே, பக்கத்தில் ஒரு கதிரையை வைத்துக்கொண்டு, எவரும் பழகிப் பார்க்கலாம். விழுந்தால் தனியே எழும்பத் தெரியாது என்று அஞ்சி, எங்கேயும் போகாமல் முடங்கிக் கிடக்கும் வயதான தாய்மார் நம் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். முழங்காலில் காயமோ சன்னத்துண்டோ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யவேண்டாம்.

தலைக்கவசத்தைப் பற்றியும் தங்கை தன் அக்காவிடம் கேட்கட்டும். கனடாவில் தேசியச் சறுக்கல் சங்கத்தின் தொடக்க வகுப்புகளில், முதற் படிகளைத் தாண்டும் வரைக்கும் வயது வேறுபாடின்றி எல்லோரும் தலைக்கவசம் போடவேண்டும் என்பது விதி. சைக்கிள் ஓட்டும் தலைக்கவசம் இதற்குப் போதாது, பின்தலையையும் மூடும் ஹொக்கி வகைக் கவசம்தான் வேண்டும். மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் காப்புகள் உண்டு. வெட்கப்பட்டு இவற்றைத் தவிர்ப்பதுதான் பெரியவர்கள் செய்யும் முட்டாள்தனம். கையுறை இல்லாமல் தரையில் இறங்கவே கூடாது.

இவ்வளவையும் படித்தால், இனி ஏன் இந்த வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் மாரியில் வயல் வரம்பில் நாற்றுக்கட்டோடு நடந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். வழுக்கும் வரம்பில் நாங்கள் எப்படி நடக்கிறோம்? முழங்காலைச் சற்று மடித்து, சிறிய அடி வைத்து, உடம்பைக் காலுக்கு நேரே வைத்து, கீழே பார்க்காமல் முன்னே பார்த்து நடக்கிறோம். சறுக்குத்தளத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் அதேதான். கைகளை இடுப்பு மட்டத்தில் முன்னே விரித்து வைத்திருக்கவேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டே சுற்றுவதைப் பயிற்றுநர்கள் விரும்புவதில்லை. சுவரில் சாய்ந்தால் உடம்பு தன் சமநிலையைக் கண்டுபிடிக்காது.

முதலில் இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி வைப்பார்கள். பிறகு சிறு அடிகளாக நடந்து, இரண்டு காலையும் சேர்த்து நின்று, தரை தானாகக் கொண்டுபோக விடுவார்கள். அந்தச் சில அடித் தூரம்தான் பெரியவர்களைப் பிடித்துப்போடுகிறது. நடக்கவில்லை, ஓடவில்லை, ஆனாலும் உடம்பு போய்க்கொண்டிருக்கிறது. பாரம் தூக்கியே பழகிய உடம்புக்கு அது புதுமையான உணர்வு. அடுத்தது, இரண்டு குதிகளையும் சேர்த்து நின்று, கால்களை வெளியே விரித்து, மறுபடி விரல்நுனிகளைச் சேர்ப்பது. பனியில் எலுமிச்சம்பழம் போன்ற ஒரு வடிவம் விழும். பிரித்தானியாவில் இதற்குப் பெயரே "எலுமிச்சை". பிறகு நிற்கப் பழகுவது. காலை வெளிப்பக்கம் தள்ளி அலகால் பனியைச் சுரண்டினால் தூள் பறக்கும், வேகம் அடங்கும். ஒற்றைக் காலில் சறுக்குவதும் பின்பக்கமாகப் போவதும் பின்னர் வரும். பாய்ச்சல்கள் எல்லாம் வெகுதூரத்தில் இருக்கின்றன. வாரத்தில் ஒருநாள் போகும் ஒருவர் மாதக்கணக்காக எலுமிச்சையே போட்டுக்கொண்டிருக்கலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

சப்பாத்து விடயத்தில் இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். அலகின் தடிப்பு ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர். அது கத்தி போலக் கூராக இருக்கும் என்றுதான் பலரும் எண்ணுவார்கள். ஆனால் அடிப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அதனால் உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று இரண்டு விளிம்புகள். உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்த விளிம்பு பனியைப் பிடித்து, வளைந்து செல்லும். ஆடுபவர்களின் அழகான வளைவெல்லாம் இந்தச் சாய்விலிருந்து வருவதுதான். அலகின் முன்நுனியில் அரிவாள்பல் போலச் சில பற்கள் இருக்கும். அவை பாய்வதற்கும் சுழல்வதற்கும் உதவுகின்றன. புதிதாகப் பழகுபவர்களைக் குப்புற விழுத்துபவையும் அவைதான். சப்பாத்துக் கயிற்றை விரல்பக்கம் சற்றுத் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் கட்டவேண்டும். தடித்த கம்பளிக் காலுறை போட்டால் சூடாக இருக்கும் என்று நினைப்பது பிழை. கால் உள்ளே ஆடிப்போகும், மெல்லிய காலுறை ஒன்றே போதும். சறுக்கி முடிந்ததும் அலகைத் துணியால் ஈரம் போகத் துடைக்காவிட்டால் துருப்பிடித்துவிடும்.

செலவைக் கேட்டால், வகுப்புக்குப் பணம் கட்டவேண்டும். ஆனால் ரொறன்ரோவில் நகரசபை நடத்தும் திறந்தவெளிச் சறுக்குத்தளங்களில் குளிர்காலத்தில் பொதுமக்கள் சறுக்குவதற்குக் கட்டணம் இல்லை. எம்மவர் பலர் வாழும் ஸ்காபரோவும் அந்த நகரத்துக்குள்தான் அடங்கும். அங்கு பிள்ளைகள் சறுக்குவதைக் கரையில் நின்று, கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி பார்த்த தாய்மார் எத்தனையோ பேர். அக்கா அந்தக் கரையிலிருந்து உள்ளே இறங்கியிருக்கிறார். உறவினர் சொல்வதுபோல அது பெரிய கூத்து ஒன்றும் இல்லை.

இனி ஊர் வாய்க்கு வருவோம். எங்கள் மொழியிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. ஆண் சறுக்கினால் கால் சறுக்கியது என்பார்கள். பெண் சறுக்கினால் அந்தச் சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிடுகிறது. அதுவும் கணவன் இல்லாத பெண் என்றால் கேட்கவே வேண்டாம். அவள் சிரித்தாலும் கணக்கு, நல்ல சேலை உடுத்தாலும் கணக்கு. வேலைக்குப் போனால் "பாவம், பிள்ளைகளுக்காகப் பாடுபடுகிறாள்" என்பார்கள். தனக்கென்று ஒன்றைச் செய்தால் அந்தப் "பாவம்" உடனே மறைந்துவிடும். தையல் பழகினால் ஏற்றுக்கொள்வார்கள், அதில் வருமானம் இருக்கிறது. சறுக்கப் பழகினால் என்ன வரும்? ஒன்றும் வராதுதான். அந்தப் பெண் வாழ்நாளில் முதல்தடவையாக வருமானம் வராத ஒன்றைப் பழகுகிறாள் என்பதை ஏன் குற்றமாக எடுக்கவேண்டும்?

இந்த விளையாட்டிலும் பெண்களுக்கு ஊர் வாயோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. 1902இல் இலண்டனில் நடந்த உலகப் போட்டிக்கு மாட்ஜ் சையர்ஸ் என்ற ஆங்கிலப் பெண் தன் பெயரைக் கொடுத்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே பங்குபற்றிய போட்டி அது. பெண்கள் வரக்கூடாது என்று விதியில் எழுதியிருக்கவில்லை, ஏனென்றால் ஒரு பெண் வருவாள் என்று எவரும் நினைத்ததில்லை. தடுக்க வழியில்லாமல் விட்டார்கள். சுவீடன் நாட்டு உல்ரிக் சால்கோவுக்கு அடுத்து இரண்டாம் இடத்தைப் பெற்றார். சால்கோ தன் தங்கப்பதக்கத்தையே அவருக்குக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். நடந்தது என்னவென்றால், அடுத்த வருடமே பெண்கள் ஆண்களோடு போட்டியிடத் தடை வந்தது. நீண்ட பாவாடை காலை மறைப்பதால் நடுவர்களுக்குப் பாதம் தெரிவதில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மாட்ஜ் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தித் தைத்துக்கொண்டார். 1906இல் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பெண்களுக்கெனத் தனிப் போட்டி தொடங்கியபோது முதலிடம் அவருக்கே கிடைத்தது. அடுத்த வருடமும் அப்படியே. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார்.

வயதைப் பற்றிய கதைக்கு வேறொருவரைச் சொல்லவேண்டும். பெரிய வீரர்களெல்லாம் நாலைந்து வயதிலேயே பனியில் இறக்கப்பட்டவர்கள். சோவியத் நாட்டின் லுட்மிலா பெலோசோவா சறுக்கத் தொடங்கியது 16 வயதில். அவருடைய கணவரும் ஜோடியுமான ஒலெக் புரோட்டோபோபோவ், போர்க்காலத்தில் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டில் பட்டினியோடு பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர். அவரும் பதினைந்து வயதளவில்தான் இந்தப் பயிற்சிக்கு வந்தார். முற்றுகை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இவர்கள் இருவரும் 1964 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். அப்போது லுட்மிலாவுக்கு 28 வயது. 1968இல் மறுபடியும் வென்றபோது அவருக்கு 32, கணவருக்கு 35. காலப்போக்கில் நாட்டின் அணியில் அவர்களுக்கு இடம் கிடைக்காமல் போனது. 1979இல் சுவிற்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தார்கள். எழுபது வயது தாண்டியும் மேடைக் காட்சிகளில் இருவரும் சேர்ந்தே சறுக்கினார்கள். லுட்மிலா 2017இலும் ஒலெக் 2023இலும் காலமானார்கள்.

அவர்கள் பிறவிக் கலைஞர்கள், நமக்கு ஒப்பா என்று நீங்கள் கேட்கலாம். சரி, சாதாரண மனிதரைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1995 முதல் வளர்ந்தோருக்கெனத் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். ஜேர்மனியின் தெற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஓபர்ஸ்டோர்ஃப் என்ற சிறிய ஊரில் 2005இல் சர்வதேசச் சறுக்கல் சம்மேளனத்தின் வளர்ந்தோர் போட்டி தொடங்கியது. 28 வயது நிறைந்தவர்கள்தான் அதில் சேரலாம். வயதைப் பத்துப் பத்து வருடமாகப் பிரித்து, எழுபது வயதை நெருங்கியவர்களுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். வெண்கலப் பிரிவில் இரட்டைச் சுற்றுப் பாய்ச்சல் எதுவும் கிடையாது, எளிய பாய்ச்சலும் சுழற்சியும் போதும். பேரப்பிள்ளை கண்ட பெண்கள் மினுங்கும் சட்டை போட்டு, தாங்கள் தெரிந்த பாட்டுக்கு, நடுவர்களுக்கு முன்னால் தனியே ஆடுகிறார்கள். சிலர் விழுகிறார்கள். எழும்பி மிச்சத்தை ஆடி முடிக்கிறார்கள்.

ஆகவே சகோதரிக்கு என் பதில்: நிற்பாட்டச் சொல்லாதீர்கள். தலைக்கவசம் போடுகிறாரா என்று கேளுங்கள். நீரிழிவோ எலும்புத் தேய்வோ இருந்தால் வைத்தியரிடம் காட்டிவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். எத்தனை தடவை விழுந்தார் என்பதையும் கேளுங்கள். அதைச் சொல்லிச் சிரிக்க அவருக்கும் ஒருவர் வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் கால் இழந்தவர்களும் இருக்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில், புனர்வாழ்வு நிலையமொன்றில் இருந்தவர்கள், நடக்க முடியாவிட்டாலும் பனித்தரையை விட மனமின்றி, உட்கார்ந்து போகும் சிறிய சறுக்குவண்டி ஒன்றைச் செய்தார்கள். இருக்கையின் கீழே இரண்டு அலகுகள், கைகளில் இரண்டு குட்டைத் தடிகள். தடியின் ஒரு நுனியில் உள்ள உலோகப் பற்களைப் பனியில் குத்தித் தள்ளினால் வண்டி ஓடும். மறுநுனியால் பந்துபோன்ற வட்டை அடிப்பார்கள். 1994இல் நோர்வேயின் லில்லஹாமரில் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில் இந்த ஹொக்கி முதல்முறை சேர்க்கப்பட்டது. அதில் பெண்களும் ஆண்களோடு ஒரே அணியில் விளையாடலாம்.